பறவை தும்முகிறதா? பதறும் முன் பார்க்க வேண்டியவை

கூண்டுப் பறவை வளர்க்கத் தொடங்கிய புதிதில் எல்லோரையும் ஒரு தடவையாவது பதற வைப்பது தும்மல். உள்ளங்கைக்குள் அடங்கும் பட்ஜி என்ற குட்டிக் கிளி ஒன்று 'ச்சிக்' என்று சத்தம் போட்டுத் தலையை உதறும். சளி பிடித்துவிட்டதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் தும்மல் என்பது பறவை தன் மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளும் வழி. அதற்குக் கைக்குட்டையும் இல்லை, கையும் இல்லை. நாளில் சில தடவை காய்ந்த தும்மல் வந்து, தும்மிய கையோடு விளையாடப் போய்விட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தும்மல் வரை சரி?" என்றுதான் புதியவர்கள் முதலில் கேட்பார்கள். எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதே என் அபிப்பிராயம். இருபது தடவை தும்மினாலும் நலமாக இருக்கும் பறவை உண்டு. இரண்டே தடவை தும்மிவிட்டு ஒரு மூலையில் உப்பி உட்காரும் பறவையும் உண்டு. தும்மல் காய்ந்ததா ஈரமா, தும்மாத நேரத்தில் பறவை எப்படி இருக்கிறது, இந்த இரண்டையும் கவனியுங்கள். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்தால் குழப்பம் குறையும்.

1. முதலில் மூச்சைப் பாருங்கள்

கூண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, பறவை உங்களைக் கண்டுகொள்ளாத தூரத்தில் உட்காருங்கள். ஐந்து நிமிடம் போதும். நலமான பறவை ஓய்வாக இருக்கும்போது மூச்சு விடுவதே தெரியாது. அலகு மூடியிருக்கும், மார்பு லேசாக அசையும், அவ்வளவுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா? அலகைத் திறந்தபடியே மூச்சு விடுகிறதா? மூச்சோடு 'க்ளிக்' என்றோ விசில் போலவோ சத்தம் வருகிறதா? கழுத்தை நீட்டி நீட்டிக் காற்றை இழுக்கிறதா? குச்சியில் உட்காராமல் கூண்டின் தரைக்கு வந்துவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இப்போதுதான் பறந்து வந்து உட்கார்ந்த பறவைக்கும், வெக்கையில் சூடேறிய பறவைக்கும் கொஞ்ச நேரம் வால் ஆடும், வாய் திறக்கும். பறந்து வந்ததென்றால் ஓரிரு நிமிடத்தில் அடங்க வேண்டும். வெக்கை என்றால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றியதும் அடங்க வேண்டும். அடங்கிவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரம்? பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து மூச்சிழுக்க உதவும் தசை) கிடையாது. அதன் நுரையீரல் விரிந்து சுருங்காமல் முதுகுப்புறம் விலாவோடு ஒட்டி அப்படியே இருக்கும். உடம்புக்குள் பரவிக் கிடக்கும் எட்டு, ஒன்பது காற்றுப் பைகள்தான் கொல்லன் துருத்தி மாதிரி அதன் வழியே காற்றைத் தள்ளுகின்றன. காற்று பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுவதால் ஆக்சிஜனை எடுப்பதில் பறவை நம்மைவிடக் கெட்டி. காற்றில் கலந்த நஞ்சையும் அதே கெட்டித்தனத்தோடு எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரைகூட கேனரி என்ற சின்னப் பாட்டுக் குருவியை வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான்: கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்ப்பதற்கு முன் கேனரி சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு, பறவைகள் நோயை மறைப்பதில் தேர்ந்தவை. வெளியே தெரிகிற அளவுக்குத் திணறுகிறது என்றால் உள்ளே ரொம்ப நாளாக ஏதோ நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

2. தும்மலின் தன்மையைக் கவனியுங்கள்

மூச்சு சரியாக இருக்கிறதா? நல்லது, இனி நிதானமாகப் பார்க்கலாம்.

காய்ந்த தும்மல் சின்னச் சொடுக்குப் போல வரும். எதுவும் தெறிக்காது, அல்லது தண்ணீர் போல ஒரு பொட்டு தெறிக்கும். இறகு கோதிய பிறகும், குளித்த பிறகும், தூங்கி எழுந்ததும், விதையை உடைத்துத் தின்னும்போதும் இது சகஜம். ஈரத் தும்மல் அப்படியில்லை. தும்மியதும் மூக்கின் மேல் பசை மாதிரி ஒன்று நிற்கும், அல்லது குச்சியிலும் கூண்டுக் கம்பியிலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ காயும். கண்டுபிடிக்க எளிய வழி, பறவை வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே கம்பிக்கு வெளியே ஒரு வெள்ளைத் தாளை ஒரு நாள் கட்டி வைப்பது. தெறித்தது எதுவாக இருந்தாலும் அதில் கறையாக நிற்கும். தாளைத் தூக்கிப் போடாதீர்கள், மருத்துவரிடம் காட்ட உதவும்.

அடிக்கடி கொட்டாவி விடுவது, தலையை ஒரு பக்கமாக உதறுவது, மூக்கைக் காலால் சொறிவது, குச்சியில் அலகின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பது, இவையும் தும்மலோடு சேர்ந்து வந்தால் மூக்குக்குள் ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம்.

இன்னொரு வகைத் தும்மலும் இருக்கிறது: நடிப்பு. கிளிகள் வீட்டில் யாராவது தும்முவதைக் கேட்டுப் பழகி, அதே குரலில் தும்மிக் காட்டும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து கொஞ்சினால் இன்னும் உற்சாகமாகத் தும்மும். நீங்கள் அறைக்குள் இருக்கும்போது மட்டும் வருகிறதா, சத்தம் சந்தேகப்படும்படி மனிதச் சாயலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. மூக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், பறவை அமைதியாக இருக்கும்போது பாருங்கள். மொபைல் டார்ச்சைக் கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் போதும். பட்ஜிக்கு மூக்குத் துளைகள் அலகுக்கு மேலே உள்ள வழவழப்பான சதையில் பளிச்சென்று தெரியும். சில வகைக் கிளிகளுக்கு அவை இறகுக்கடியில் ஒளிந்திருக்கும்.

இரண்டு துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும். துளைக்கு மேலே உள்ள சின்ன இறகுகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டோ பழுப்பேறியோ இருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் மூக்கு ஒழுகுகிறது. ஒரு துளை மட்டும் பெரிதாகி உள்ளே கட்டியாக ஏதோ தெரிந்தால் அது நாட்பட்ட சங்கதி. அழுக்கும் செத்த செல்களும் சேர்ந்து கல்லாகி உள்ளே இறுகியிருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறையக் கிளி வகைகளின் மூக்குத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் குட்டி உருண்டை ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். தினை மணி சிக்கிக்கொண்டது போலவே இருக்கும். அது மூக்கின் பாகம். உள்ளே போகும் காற்றைத் தடுத்துத் திருப்பிவிடுவது அதன் வேலை. ஊசியும் பற்குச்சியும் எடுத்துக்கொண்டு அதை நோண்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இரண்டு துளையிலும் ஒரே மாதிரி உருண்டை தெரிந்தால் அது இயல்பானது. ஒன்றில் மட்டும் வேறு மாதிரி இருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். நிஜமாகவே உமி சிக்கியிருந்தாலும் எடுக்க வேண்டியவர் அவர்தான்.

மூக்கை முடித்ததும் கண்களைப் பாருங்கள். பறவையின் சைனஸ் அறை கண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் எலும்புச் சுவர் இல்லை, தோலும் சதையும்தான். அதனால் உள்ளே சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே புடைத்துக்கொள்ளும், கண் சிவந்து நீர் வடியும். இப்படி இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

4. எடை போடுங்கள்

கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று பறவை வளர்ப்பவரிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும். மருந்துப் பெட்டியைவிட இதற்குத்தான் என் ஓட்டு. காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன் எடை பாருங்கள். பட்ஜி பொதுவாக 30 முதல் 40 கிராம் இருக்கும், காக்டெயில் என்ற சிறிய கொண்டைக் கிளி 100 கிராமையொட்டி. உங்கள் பறவையின் வழக்கமான எடையிலிருந்து பத்து சதவீதம் குறைந்தால் அது பெரிய விஷயம். பட்ஜிக்குப் பத்து சதவீதம் என்பது வெறும் 3, 4 கிராம். உப்பிய இறகுக்குள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

எச்சத்தையும் பாருங்கள். நிறம் மாறியதா, அளவு குறைந்ததா, வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ ஆனதா? தும்மலோடு இந்த மாற்றமும் சேர்ந்தால் காரணம் மூக்கோடு நிற்கவில்லை.

5. காற்றைச் சந்தேகப்படுங்கள்

எடை சரி, மூச்சு சரி, மூக்கு காய்ந்திருக்கிறது, ஆனாலும் தும்மிக்கொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் குற்றவாளி காற்று. ஒரு சின்ன நோட்டில் எப்போது, எந்த இடத்தில் தும்மியது, அதற்குச் சற்றுமுன் வீட்டில் என்ன நடந்தது என்று சில நாள் குறித்து வாருங்கள். கூட்டிப் பெருக்கியதும் தும்முகிறதா, குளிர்சாதனம் ஓடத் தொடங்கியதுமா, யாராவது வாசனைத் திரவியம் அடித்ததுமா, கூண்டில் புது விரிப்பு போட்ட நாள் முதலா? நோட்டே விடையைச் சொல்லிவிடும்.

வாசனை தருகிற, புகை தருகிற எதுவும் பறவை இருக்கும் அறைக்கு ஆகாது: சென்ட், ஹேர் ஸ்ப்ரே, அறை நறுமணத் தெளிப்பான், வாசனை மெழுகுவத்தி, ஊதுபத்தி, சிகரெட், வேப், பூச்சிமருந்து, பெயின்ட், பிளீச். இவற்றில் பல மூக்கை எரிச்சல்படுத்தித் தும்ம வைப்பதோடு நிற்கும். நான்ஸ்டிக் பாத்திரம் அப்படியல்ல. டெஃப்லான் பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் வாயுவுக்கு மணமும் இல்லை, புகையும் கண்ணில் படாமல் போகலாம். பறவையின் நுரையீரலில் நீரும் ரத்தமும் கோத்து நிமிடங்களில் உயிர் போய்விடும். இதில் தும்மலை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரமே கிடைக்காது. சில இஸ்திரிப் பெட்டிகளிலும், ஏர் ஃபிரையர்களிலும், சூடேற்றும் விளக்குகளிலும் இதே பூச்சு உண்டு. சமையலறையில் கூண்டு வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். பக்கத்து அறையும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அந்தப் பாத்திரங்களையே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது தூசு. காக்டெயில், காக்கட்டூ (பெரிய கொண்டைக் கிளி), ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இவற்றின் உடம்பில் பொடியாக உதிரும் தனி வகை இறகுகள் உண்டு. பறவை சிலிர்த்துக்கொண்டால் வெயில் கீற்றில் வெள்ளையாகப் பறப்பதைப் பார்க்கலாம். தன் பொடியில் தானே தும்முவது இந்த வகைகளுக்கு வழக்கம்தான். ஆனால் இவற்றின் பக்கத்தில் வேறு பறவையை வைத்திருந்தால் அதற்குத் தொந்தரவு வரலாம். காக்கட்டூவோடு ஒரே அறையில் வளரும் நீல மஞ்சள் மக்கா கிளிக்கு நுரையீரலில் ஒவ்வாமை வந்து நாட்பட்ட பாதிப்பில் முடிவதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

தீர்வு அலங்காரமானது இல்லை. கூண்டின் அடியில் மரத்தூள், சோளத்தண்டுத் தூள் போன்றவற்றை எடுத்துவிட்டு வெறும் தாள் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். ஈரமான எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும், நனைந்த தூளில் வளரும் பூஞ்சையும் ஒரே வேலையில் போய்விடும். துடைப்பதை ஈரத்துணியால் செய்யுங்கள். பெருக்கினால் தூசு எழும்பி நேராகக் கூண்டுக்குத்தான் போகும். ஹெப்பா (நுண்தூசையும் பிடிக்கும்) வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் நல்லது, ஆனால் ஓசோன் வெளியிடும் வகை கூடாது.

காற்று காய்ந்திருந்தாலும் தும்மல் வரும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் பெரும்பாலான பறவைகளுக்குச் சௌகரியம். ஹீட்டரோ ஏசியோ ஓடும் அறையில் அது சரசரவென்று இறங்கிவிடும். வாரத்தில் சில தடவை குளிக்க விடுவதும், இளஞ்சூட்டு நீரைப் பனி போலத் தெளிப்பதும் உதவும். ஈரப்பதக் கருவி வாங்கினால் அதைக் கழுவிக் காய வைக்கும் பழக்கத்தையும் சேர்த்து வாங்குங்கள். அழுக்குத் தொட்டி பூஞ்சையைத்தான் ஊதும்.

6. தட்டில் என்ன இருக்கிறது?

வெறும் விதையை மட்டும் தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைபாடு வரும். மூக்கு, சைனஸ், தொண்டை இவற்றின் உட்புறத்தில் இருக்கும் வழுவழுப்பான ஈரப் படலம் இந்த வைட்டமின் இல்லாவிட்டால் காய்ந்து தடித்துவிடும். தூசையும் கிருமியையும் பிடித்து வெளியே தள்ளும் வேலை அதோடு நின்றுபோகும். முதலில் தும்மல், பிறகு அடைப்பு, கடைசியில் கிருமித் தொற்று. மருந்து கொடுத்தால் சரியாகி, நிறுத்தியதும் திரும்ப வருகிற தும்மலுக்குப் பின்னால் பல தடவை தீனித் தட்டுதான் இருக்கும். சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்று மற்றதை ஒதுக்கும் பறவையிடம் இதைக் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்.

அடர் ஆரஞ்சும் அடர் பச்சையுமான காய்கள் இதற்கு மருந்து: கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, கீரை, சிவப்புக் குடைமிளகாய். முதல் நாள் தொடவே தொடாது. பொடியாக நறுக்கி விதையோடு பிசறி வையுங்கள், நீங்களும் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டு கடித்துக் காட்டுங்கள். கிளிக்கு மற்றவர் தின்பதன் மேல்தான் கண். பெல்லட் (சத்துகளைக் கலந்து சிறு உருண்டையாக்கிய) தீனிக்கு மாற்றுவதாக இருந்தால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். திடீரென்று மாற்றினால் பட்டினி கிடந்தே செத்துவிடும் பறவைகள் உண்டு. வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாகத் தண்ணீரில் கலக்காதீர்கள். வைட்டமின் ஏ கூடினாலும் நஞ்சு. அவகாடோவைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

7. இதுவும் இல்லை என்றால், தொற்று

இங்கிருந்து வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் எந்தப் பறவையில் எதைச் சந்தேகிப்பார்கள் என்று தெரிந்திருந்தால் மருத்துவரிடம் பேச எளிது. பட்ஜி, காக்டெயில்களில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா கண்ணையும் சைனஸையும் தாக்கும். கேனரியும் கூல்டியன் ஃபிஞ்ச் குருவியும் குரல் கம்மி, பாட்டை நிறுத்தி, 'டிக் டிக்' என்று சத்தத்தோடு மூச்சுவிட்டால் மூச்சுக்குழாயில் குடியேறும் நுண்ணிய உண்ணிகளாக இருக்கலாம். பட்ஜியின் மூக்குச் சதை தேன்கூடு மாதிரி சொரசொரத்துப் போனால் அது தோலைத் துளைக்கும் வேறு உண்ணி. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை சத்தமில்லாமல் காற்றுப் பைகளில் வளரும். குரல் மாறுவது அதற்கு ஓர் அறிகுறி.

கிளிக் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியாவால் வருவது. பறவைக்குத் தும்மல், கண்ணில் நீர், பச்சை எச்சம், சோர்வு. சில பறவைகள் எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமியை மட்டும் சுமந்து திரியும். காய்ந்த எச்சத்தின் தூசு வழியே மனிதருக்கும் தொற்றும். 1929-30இல் விற்பனைக்குப் போன கிளிகளோடு சேர்ந்து இது பல நாடுகளுக்குப் பரவிச் சாவுகளை உண்டாக்கியது. இன்று டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, பயந்து பறவையைக் கைவிட வேண்டியதில்லை. தும்முகிற பறவையின் கூண்டைக் கழுவும்போது எச்சத்தை முதலில் நனைத்துவிட்டு, முகக்கவசத்தோடு கழுவினால் போதும்.

8. கை வைக்கக் கூடாத இடங்கள்

மனிதச் சளி மருந்து, மார்பில் தடவும் தைலம், யூகலிப்டஸ் ஆவி, மூக்குச் சொட்டு, கடையில் கிடைக்கும் பொது ஆன்டிபயாட்டிக் பொடி, இவை எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் கெடுதல் செய்வது. தண்ணீரில் மருந்து கலந்தால் பறவை எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. கசந்தால் தண்ணீரையே விட்டுவிடும். அரைகுறை ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு எடுக்கும் பரிசோதனையில் கிருமியும் சரியாகச் சிக்காது.

நீங்கள் செய்யக்கூடியது சூடும் அமைதியும் கொடுப்பது. உப்பி உட்கார்ந்திருக்கும் பறவையின் கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடி, ஒரு பக்கம் மட்டும் 28 முதல் 30 டிகிரி இருக்கும்படி செய்யுங்கள். அதிகமாகிவிட்டால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மற்ற பறவைகளை வேறு அறைக்கு மாற்றுங்கள்; தீனி வைக்கும்போது நோயாளியிடம் கடைசியாகப் போங்கள்.

9. மருத்துவரிடம் போகும்போது

பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை, பறவை நலமாக இருக்கும்போதே தேடி வைப்பது நல்லது. போகும்போது தும்மலின் வீடியோ, கறை படிந்த தாள், அன்றைய எச்சம், எடைக் குறிப்பு, தீனியின் படம் இவை கையில் இருக்கட்டும். சிறிய பெட்டியில், மேலே துணி போட்டுக் கொண்டுபோங்கள். பிடிக்க வேண்டியிருந்தால் மார்பை அழுத்தாமல் பிடியுங்கள். மார்பு அசையாவிட்டால் பறவைக்கு மூச்சே இல்லை.

மருத்துவர் வாய்க்குள் மேலண்ணத்தில் உள்ள பிளவைப் பார்ப்பார். அதன் ஓரத்தில் இருக்கும் முள் போன்ற நீட்சிகள் மழுங்கியிருந்தால் வைட்டமின் ஏ குறைபாட்டைச் சந்தேகிப்பார். அங்கிருந்தே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார், தேவைப்பட்டால் மூக்கை உப்பு நீரால் அலசுவார், எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம்.

மருந்து தந்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள். கிளிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 45 நாள். ஒரு வாரத்தில் தும்மல் நின்றுவிடும், நிறுத்திவிடலாம் என்று தோன்றும், நிறுத்தினால் கிருமி திரும்பும். சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது என்பதால், கூண்டில் தொங்கும் கணவாய் ஓட்டை எடுத்துவிட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை புதுப் பறவை வாங்கி வந்தால் 30 முதல் 45 நாள் தனி அறையில் வைத்த பிறகே பழைய பறவையிடம் காட்டுங்கள்.

பறவை தும்முகிற நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால், வீட்டில் பறவை இருக்கிறது, அது தும்முகிறது என்று உங்கள் மருத்துவரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது.